ஆறு மணிக்கு எதிர் நடை

மறுவாழ்வு இல்லங்களில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு பயிற்சி அட்டவணை. அது உங்கள் செல்போனிலேயே ஆயிரம் கிடக்கிறது. அதில் வருகிற பையன்களுக்கு இருக்கிற தோள் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அதில் பெரிய தப்பு ஒன்றைச் சொல்கிறேன். பி.டி. வாத்தியாராக இருந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். விசில் ஊதினால் அறுநூறு பிள்ளைகள் அசையாமல் நிற்கும். ஓய்வு பெற்ற மறு மாதமே தாமிரபரணிக் கரையோரம் இருந்த ஒரு குடி மறுவாழ்வு இல்லத்தில் கூப்பிட்டார்கள். விசிலைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். முதல் நாளே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கையை வீசி நடக்க வைத்தேன். மூன்றாவது சுற்றில் ஒருவர் வாந்தியெடுத்தார், இன்னொருவர் தரையில் உட்கார்ந்து என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். டாக்டர் ஓடி வந்தார். "சார், இவரு குடிய நிறுத்தி ரெண்டு நாள்தான் ஆகுது. இன்னும் ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க சுதந்திர தின அணிவகுப்பு நடத்துதிய" என்றார். அன்றைக்குக் கற்றது இன்றுவரை மாறவில்லை. டாக்டர் தலையசைத்த பிறகுதான் நம் வேலை. மருந்துக்கும் ஆலோசனைக்கும் பதிலாக உடற்பயிற்சி வராது. அவற்றோடு கூட நடந்து போகிற துணை அது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நிதானமாகவே போனேன். எல்லாரும் நன்றாகத்தான் செய்தார்கள். மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் மட்டும், "சமதளத்துல நடந்தா கால் வலிக்கு சார், ஏத்தமா ஒரு இடம் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்காகவே மொட்டைமாடிப் படிகளைப் பயிற்சியில் சேர்த்தேன்.

இரண்டாவது வருடம் வந்து சேர்ந்தவர், சுடலைமுத்து என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். நாற்பத்தொரு வயது. நூலிழை அளவுக்குத் துல்லியமாக இரும்பில் மரை போடுகிற கை, டீ கிளாஸைப் பிடித்தால் சட்டை முழுக்கச் சிந்துகிற நிலைக்கு வந்திருந்தது. லேத் எந்திரம் சுற்றுகிற வேகத்தில் கை நடுங்கினால் விரல் போய்விடும். குடியை விடுவது என்றால் அவருக்கு வேறு எதுவும் இல்லை, அந்த எந்திரத்தின் முன்னால் மறுபடி நிற்பதுதான். சேர்ந்த அன்றைக்கே என்னிடம் அதைத்தான் கேட்டார். "மெசினுக்குப் போயிரலாமா சார்?"

"உம்மைப் போக வைக்காம விடமாட்டேன்வே" என்றேன். வாய் எனக்கு எப்போதுமே கொஞ்சம் நீளம்.

டாக்டர் சரி என்று சொன்ன நாள் முதல் அவரை நான் விடவில்லை. விடிகாலை ஐந்தரைக்கு ஆற்றங்கரையில் நடை. பிறகு மெல்ல ஓட்டம், தண்டால், கைப்பிடிக்கு ஈரத்துணி முறுக்குவது. இருபது நாளில் ஆள் மாறிவிட்டார். கன்னத்தில் ரத்தம் ஓடியது. மற்றவர்கள் பத்துத் தண்டாலில் படுத்துக்கொள்ளும்போது அவர் நாற்பதைத் தாண்டி என்னைப் பார்த்துச் சிரிப்பார். இல்லத்துக்கு யார் பார்க்க வந்தாலும் கோயில் யானையைக் காட்டுவது போல அவரைக் காட்டினேன். எனக்கும் தலை கால் புரியவில்லை.

பட்டறை முதலாளி ஒரு அண்ணாச்சி. கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர். அவருக்கு நானாகவே ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தேன். 'உடல் முழுத் தகுதியில் உள்ளது, தாராளமாக எந்திரத்தில் நிறுத்தலாம்' என்று. டாக்டரையும் கேட்கவில்லை, ஆலோசகரையும் கேட்கவில்லை. தண்டால் எண்ணிக்கைதான் எனக்கு அத்தாட்சி. வாத்தியார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அண்ணாச்சியும் நம்பிவிட்டார்.

சுடலைமுத்து வேலைக்குப் போன எட்டாம் நாள் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

"சார், உங்க ஆளு நேத்து சாயங்காலம் போட்டுட்டு, காலையில அந்தக் கையோட மெசின்ல நின்னுருக்கான். இரும்புத் துண்டை ஒழுங்கா இறுக்கல. எகிறிப் போயி செவுத்துல அடிச்சுது. என் தலைக்கு ரெண்டு விரக்கடை தள்ளிப் போனதால நான் உங்ககிட்ட பேசுதேன்."

அவரை மறுபடி இல்லத்துக்குக் கூட்டி வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கத்தினேன். பள்ளிக்கூட மைதானத்தில் கத்துகிற அதே குரலில். "உம்ம மேல வச்ச நம்பிக்கைய இப்படிக் குழிதோண்டிப் புதைச்சிட்டீரே. என் பேரு என்னவே ஆவுறது?" கவனியுங்கள், அவருடைய விரல் போயிருக்கும், அண்ணாச்சியின் உயிரே போயிருக்கும். நான் கவலைப்பட்டது என் பேரைப் பற்றி. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் இல்லத்தில் மூத்த நர்ஸ் ஒருவர் இருந்தார். மேலப்பாளையத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் கத்தி ஓய்ந்தபிறகு மருந்து அறைக்குக் கூப்பிட்டார்.

"சார், அவரு எத்தனை மணிக்குக் குடிச்சாரு?"

எனக்குத் தெரியவில்லை. அவருடைய நாடித்துடிப்பு தெரியும், எடை தெரியும், எத்தனை தண்டால் என்பது தெரியும். இது தெரியாது.

"ஆறு மணிக்கு. பட்டறை அஞ்சரைக்கு விடும். கை கால் கழுவிட்டு வெளிய வந்தா ஆறு. பதினஞ்சு வருசமா அந்த நேரத்துக்குக் காலு தானா கடைக்குப் போயிப் பழகிருக்கு. காலையில அஞ்சரைக்கு உங்க கூட ஓடும்போது அவருக்கு ஒரு கஷ்டமும் கிடையாது சார். அந்த நேரத்துல அவரு எப்பவுமே குடிச்சதில்ல." மாத்திரைகளை எண்ணிப் பிரித்துக்கொண்டே கேட்டார். "சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க எங்கன இருக்கிய?"

உடற்பயிற்சி என்றால் விடிகாலை. பி.டி. வாத்தியாரின் வேதம் அது. ஆள் மூழ்குவது ஒரு துறையில், நான் காவல் நின்றது இன்னொரு துறையில்.

அந்த நர்ஸிடம் மறைத்த பதிலை இப்போது உங்களிடம் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்கு இல்லத்தின் பின்புறம் புளியமரத்தடியில் இருப்பேன். என் பொடி டப்பியோடு. ஆமாம், மூக்குப்பொடிதான். முப்பது வருடப் பழக்கம். போதைக்கு எதிராகப் பகலெல்லாம் பேசிவிட்டு மாலையில் மரத்துக்குப் பின்னால் போய் இரண்டு மூக்கிலும் ஏற்றிக்கொள்வேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மறு வாரமே பயிற்சி நேரத்தை மாற்றினேன். காலையில் கொஞ்சம் கை காலை நீட்டி மடக்கினால் போதும். மாலை ஐந்தரையிலிருந்து ஆறரைவரை நடை, கைப்பந்து, என்னவானாலும் வியர்க்க வேண்டும். சமையல்காரர்தான் சண்டைக்கு வந்தார். "ஆறு மணிக்கு இவங்களுக்குப் பசிக்க வச்சிட்டிய, நான் என்னத்தப் போட?" என்றார். பிறகு அவரே தினம் ஒரு சுண்டல் போட ஆரம்பித்தார். அந்தச் சுண்டலுக்காகவே ஓடியவர்களும் உண்டு.

சுடலைமுத்து இரண்டாம் முறை வீட்டுக்குப் போகும்போது, டாக்டரோடும் ஆலோசகரோடும் உட்கார்ந்து பேசிய பிறகே அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். அவர் ஒரே வார்த்தையில் சொன்னார். "வேலை உண்டு. மெசின் கிடையாது. கூட்டட்டும், சாமான் அடுக்கட்டும். மூணு மாசம் போவட்டும், பாப்போம்."

அண்ணாச்சி அவருக்கென்று ஒரு சோதனையும் வைத்திருந்தார். சனிக்கிழமை தோறும் விளிம்பு வரைக்கும் டீ ஊற்றிய கிளாஸை சுடலைமுத்து கையில் கொடுப்பார். பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து கொண்டுவந்து அவர் மேசையில் வைக்க வேண்டும். வழியில் எண்ணெய்த் தரை, இரும்புச் சுருள், வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் ஐந்து பேர். சிந்தினால் அந்த டீ சுடலைமுத்துவுக்கு. சிந்தாவிட்டால் அண்ணாச்சிக்கு. முதல் சனிக்கிழமை சுடலைமுத்துதான் குடித்தார், அதுவும் பாதி கிளாஸ்.

அடுத்த வாரம் எனக்கு விடுமுறையான ஒருநாள் மாலை. பேட்டைக்கு அடுத்த டவுனில் என் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு, டப்பியைத் திறந்து, விரலில் பொடியை எடுத்துவிட்டேன். போன் அடித்தது.

"சார், காலு போவுது."

"எங்கனவே நிக்கீரு?"

"பஸ் ஸ்டாப்புல. எதுத்தாப்புல கடை இருக்கு. வந்து அஞ்சு நிமிசம் ஆச்சு."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். யோசிக்க எனக்கு இருந்தது ஒரு மூச்சு விடும் நேரம். 'அங்கேயே நில்லு, வாரேன்' என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. நின்றால் கடைக்கு எதிரில் நிற்பார். 'வீட்டுக்குப் போ' என்றால், வீட்டுக்குப் போகிற வழி கடையைத் தாண்டித்தான். பஸ் வர இன்னும் எத்தனை நேரமோ. திட்டினால் போனை வைத்துவிடுவார். வைத்த போனை மறுபடி எடுக்க மாட்டார்.

"சுடலைமுத்து, நிக்காதேயும். டவுனைப் பாத்து நடயும். நான் பேட்டையைப் பாத்து நடக்கேன். போனை வைக்காதேயும்."

விரலிலிருந்த பொடி எங்கே போனதென்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். என் மனைவி உள்ளேயிருந்து என்னவோ கேட்டாள். நான் தெருமுனையைத் தாண்டிவிட்டேன்.

முதலில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "கடை கண்ணுக்கு மறைஞ்சிட்டு சார்" என்றார். பிறகு பெட்ரோல் பங்க் வந்தது என்றார், லாரி ஒன்று மறித்துக்கொண்டு நிற்கிறது என்றார். நானும் வழியில் இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அறுபத்தொரு வயது, வருடக்கணக்காக விசில் ஊதிய வாத்தியார்கள் எத்தனை பேர் தாங்களே ஓடியிருக்கிறார்கள்? போனில் அவர் குரல் மாறியது.

"சார், என்ன இப்படி மூச்சு வாங்குது? பைய வாங்க. எங்கனயாவது உக்காருங்க, நான் வந்திருதேன்."

அந்த நிமிடத்திலிருந்து அவர் நடந்தது கடையிலிருந்து தப்பிக்க இல்லை. வழியில் ஒரு கிழவன் விழுந்துவிடக் கூடாதே என்று நடந்தார். அதனால் அரை வழிக்குமேல் அவரே வந்துவிட்டார். ஒரு சர்பத் கடை வாசலில் சந்தித்தோம். இரண்டு பேருக்கும் சட்டை பிழிந்தால் ஒரு வாளி வரும். நன்னாரி சர்பத் சொன்னேன். அவர் கிளாஸைப் பிடித்த கை நடுங்கியது. ஆனால் குடித்தார், இன்னொன்றும் கேட்டுக் குடித்தார்.

நான் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து டப்பியை எடுத்தேன். அவர் அதையே பார்த்தார்.

"உங்களுக்கும் ஆறு மணிதானா சார்?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாவே" என்றேன்.

"புளியமரத்துக்குப் பின்னால போவியளே, நாங்க எல்லாரும் பாத்திருக்கோம். கைக்குட்டையில இருந்த கறைதான் காட்டிக்குடுத்துட்டு."

நான் டப்பியை மூடி உள்ளே வைத்தேன். அங்கேயே பேசி முடிவு செய்தோம். தினம் ஆறு மணிக்கு அவர் பேட்டையிலிருந்து நடப்பார், நான் டவுனிலிருந்து நடப்பேன். சந்திக்கிற இடம் சர்பத் கடை. இல்லத்தின் மாலைப் பயிற்சியை அங்கே உதவிக்கு இருந்த இளைஞர் ஒருவர் பார்த்துக்கொள்வார். அவர் அது இல்லாமல் வர வேண்டும், நான் இது இல்லாமல் வர வேண்டும்.

நான்கு நாள் கெட்டிக்காரனாக இருந்தேன். ஐந்தாம் நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சிட்டிகை போட்டேன். முப்பது வருடம் பொடி போட்டுத் தும்மாதவன், நான்கு நாள் இடைவெளி விட்டுப் போட்டதும் பதினோரு தும்மல். பத்தாவது தும்மலில் என் மனைவி கதவைத் தட்டி, "உள்ள எத்தனை பேரு இருக்கிய?" என்று கேட்டாள்.

மாலையில் சர்பத் கடையில் சுடலைமுத்துவிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. நான் அவரிடம் கத்தியதைச் சொல்லிக் காட்டுவார் என்று பயந்தேன், அதையும் செய்யவில்லை.

"சரி சார். நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க" என்றார்.

அவ்வளவுதான். வராந்தாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த மனிதனிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. எனக்கு அது தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சர்பத் கடை பெஞ்சில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொடியின் மிச்சம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்படியே மூன்று மாதம் நடந்தோம். மழை பெய்த நாளில் குடையோடு நடந்தோம். எனக்கு இடுப்பு அளவு குறைந்தது. சனிக்கிழமை டீ முக்கால் கிளாஸாகி, சிந்துவது ஒரே சொட்டாகி, ஒருநாள் அண்ணாச்சியே குடித்தார். மறு வாரமும் அவரே குடித்தார். "இவன் குடிக்காத டீயை எல்லாம் நான் குடிச்சு எனக்கு சுகர் ஏறப் போவுது" என்று சொன்னாராம்.

மூன்று மாதம் முடிகிற சனிக்கிழமை. அன்றைக்கு முடிவு சொல்வதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஆறரைக்கு நான் சர்பத் கடையில் இருக்கிறேன், சுடலைமுத்து இல்லை. போன் போட்டால், வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆறே முக்கால் ஆனது. எந்திரம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று பேசவே இல்லையே. கூட வேலை செய்கிறவர்கள், "மெசின் கிடைச்சிருக்கு, எங்களுக்கு ஒண்ணும் கிடையாதாடே?" என்று கேட்டிருப்பார்கள். நல்ல சேதி வந்தால் நம் ஆட்கள் எங்கே போய்க் கொண்டாடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

பேட்டைவரைக்கும் நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஓடினேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் அந்தக் கடை. கூட்டத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் தெரியவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எம்பினேன். முதுகுப் பக்கம் ஒரு குரல்.

"பி.டி. சாரா? சார், உங்க கிட்டப் படிச்சவன் சார் நான். நீங்க போயி வரிசையில நிக்கலாமா? தள்ளுங்க, நான் வாங்கித் தாரேன்."

அவனுக்கு என்ன பதில் சொல்லிவிட்டு அங்கிருந்து வந்தேன் என்று ஞாபகமில்லை. இந்த ஊரில் எனக்கிருந்த நற்பெயர் அன்றோடு போயிற்று என்பது மட்டும் நிச்சயம். பட்டறைக்குப் போனால் அண்ணாச்சி பூட்டிக்கொண்டிருந்தார்.

"மெசினைக் குடுத்தாச்சே சார். ஒரு போல்ட்டு மரை போட்டுக் காட்டுனான், கண்ணுல ஒத்திக்கலாம். ஆறு மணிக்கு போன் ஒண்ணு வந்துது. பேசிக்கிட்டே போயிட்டான். டவுன் பக்கம் போகல, சுத்தமல்லிப் பக்கமால்ல போனான்."

டவுனுக்கு நேர் எதிர்த்திசை. பட்டறைச் சுவரில் கை வைத்து நின்றுவிட்டேன். அப்போதுதான் சுத்தமல்லிச் சாலையில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. ஒருவர் சுடலைமுத்து. இன்னொருவர் சட்டையெல்லாம் நனைந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பழக்கமில்லாத கால்களை எடுத்து வைத்து வந்தார்.

"மன்னிச்சுக்கிடுங்க சார்" என்றார் சுடலைமுத்து. "இவரு எனக்குத் தெரிஞ்சவரு, போன மாசம் வேற ஒரு இல்லத்துல இருந்தவரு. ஆறு மணிக்குக் கூப்பிட்டு, காலு போவுதுங்காரு. போனை வைக்கப் பயமா இருந்துது. அதான் உங்களுக்குச் சொல்ல முடியல. அவரு இங்கிட்டு நடந்தாரு, நான் அங்கிட்டு நடந்தேன்."

எந்திரம் கிடைத்ததை அவர் சொல்லவே இல்லை. நான்தான் கேட்டேன். "கெடைச்சுட்டு சார்" என்று சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டார்.

"இன்னைக்குத் தனியா நடந்திருக்கிய. பொடி போட்டியளா?"

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். டப்பி வீட்டிலேயே கிடந்தது. அதை எடுத்து வரவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

தம்பிகளே, தங்கைகளே, அட்டவணை எழுதுங்கள், எடை பாருங்கள், எல்லாம் செய்யுங்கள். ஆனால் ஒருவர் வந்து சேர்ந்ததும் முதலில் அவருடைய நேரம் எது என்று கேளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு மூன்று பேருமாகத் திரும்பி நடந்தோம். புதியவர் என் வயதையும், கழுத்தில் தொங்கிய விசிலையும் பார்த்தார். மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார். பிறகு சுடலைமுத்துவிடம் மெல்லக் கேட்டார்.

"சார் எதுக்கு நம்ம கூட நடக்காரு?"

"அவரும் நம்ம ஆளுதான்வே" என்றார் சுடலைமுத்து. "அவருக்குப் பொடி."

நான் மறுக்கவில்லை. கடை வந்ததும் மூன்று சர்பத் சொன்னேன்.